எண்ணூர்க் காற்றில் ஆர்செனிக் இருக்கிறதா?

கேள்வி: எண்ணூரை அடுத்த எர்ணாவூரில் குடியிருக்கிறோம். காலையில் மொட்டை மாடியைப் பெருக்கினால் சாயங்காலத்துக்குள் மறுபடியும் சாம்பல் நிறத்தில் நைசான தூசி படிந்துவிடுகிறது. வடகம் காயப்போட முடியவில்லை. வெள்ளைத் துணி பழுப்பேறிவிடுகிறது. என் ஏழு வயது மகனுக்கு வீசிங் இருக்கிறது. மழை விட்டுப் பனி தொடங்கினால் நெபுலைசர் வைக்காமல் ராத்திரி கழிவதில்லை. நிலக்கரிப் புகையில் ஆர்செனிக், பாதரசம், ஈயம் எல்லாம் வருவதாக எங்கள் தெருக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். ஆனால் செல்போனில் காற்றுத் தரம் பார்த்தால் பல நாள் ‘திருப்திகரம்’ என்றுதான் காட்டுகிறது. எதை நம்புவது? ஆற்று இறாலும் நண்டும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? அவனுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டுமா?

— ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: இரண்டையுமே நம்பலாம் அம்மா. கூட்டத்தில் பேசியவர் சொன்னது உண்மை. செல்போன் காட்டும் எண்ணும் பொய்யில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அந்த எண்ணில் விடை கிடையாது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அது எடை போட்டுச் சொல்கிறது. அந்தத் தூசிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. நிலக்கரி எரியும் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து அனல் மின் நிலையங்களில் எரியும் கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேற்றி எண்ணூரில் இறக்கப்படுவது. இந்தியக் கரியில் கந்தகம் குறைவு, சாம்பல் அதிகம்: நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை எரியாத மண்ணும் கல்லும்தான். அந்த மண்ணோடு ஆர்செனிக், ஈயம், காட்மியம், செலீனியம், நிக்கல், குரோமியம், பாதரசம் ஆகியவையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். ஒரு டன் கரியில் சில கிராம் ஆர்செனிக்கும், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பாதரசமும் இருப்பது சாதாரணம். கேட்க அற்பமாகத் தோன்றும். எரியும் அளவைப் பாருங்கள். வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. அப்படி ஓர் அலகு முழு வீச்சில் ஓடினால், என் தோராயக் கணக்கில், நாளொன்றுக்குச் சுமார் 8,000 டன் கரி எரியும். வட சென்னை அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும் 600 மெகாவாட் அலகுகள் இரண்டும் இருக்கின்றன. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டதை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

இனி பாய்லருக்குள் நடப்பதைப் பார்ப்போம். பொடியாக்கிய கரி 1,300 முதல் 1,500 டிகிரி வெப்பத்தில் எரிகிறது. அதிலுள்ள மண் உருகிக் கண்ணாடித் துளிகளாகிறது; இதுதான் பறக்கும் சாம்பல். ஆனால் ஆர்செனிக், செலீனியம், காட்மியம் போன்றவை அந்தச் சூட்டில் ஆவியாகிவிடுகின்றன. ஈயமும் பெருமளவு ஆவியாகிறது. புகை குளிர்ந்து வடிகட்டியை அடையும்போது வெப்பம் 150 டிகிரிக்குக் கீழே வந்துவிடும். சோற்றுப்பானையின் ஆவி மூடியில் முத்து முத்தாகப் படிவதுபோல, ஆவியான இந்த உலோகங்கள் அப்போது சாம்பல் துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. எந்தத் துகளில் அதிகம் படியும்? எடைக்கு எடை மேற்பரப்பு அதிகமுள்ள துகளில். பத்து மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு மணியை அரை மைக்ரான் மணிகளாக உடைத்தால் 8,000 மணிகள் கிடைக்கும், மொத்த மேற்பரப்பு 20 மடங்காகும். எனவே துகள் எவ்வளவு சிறியதோ, ஒரு கிராமுக்கு அவ்வளவு அதிகம் நஞ்சைச் சுமக்கும். அமெரிக்காவில் நாட்டுஷ், வாலஸ், எவன்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் நிலக்கரிச் சாம்பலை அளவுவாரியாகப் பிரித்துப் பகுத்து, 1974இலேயே ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி நம்முடைய அன்றாடக் காற்றுக் கணக்கில் இன்னும் ஏறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நஞ்சு மேற்பரப்பில் இருப்பதால் இன்னொரு கேடும் உண்டு. கண்ணாடிக்குள் சிக்கிய உலோகம் எளிதில் கரையாது. மேலே படிந்தது நுரையீரலின் ஈரம் பட்டதும் கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும்.

வடிகட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஈ.எஸ்.பி. என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்லும் கருவி, உயர் மின்னழுத்தத்தில் சாம்பலுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் ஒட்டவைக்கிறது. நன்றாகப் பராமரித்தால் எடைக்கணக்கில் 99.9 சதவீதம் பிடித்துவிடும். ஆனால் அதன் பிடி மிகவும் தளர்வது 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களில். நஞ்சு கூடுதலாகப் படிந்திருக்கும் அளவுகளும் அவைதாம். 500 மெகாவாட் அலகில் ஒரு நாளில் விழும் சாம்பல் ஏறக்குறைய 3,000 டன். ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினாலும் இரண்டு டன்னுக்கு மேல் புகைபோக்கி வழியே போகும். அதில் நுண்ணிய துகள்களின் பங்குதான் தூக்கலாக இருக்கும். பாதரசம் பெரும்பாலும் ஆவியாகவே வெளியேறுவதால் ஈ.எஸ்.பி. அதை முழுசாகப் பிடிப்பதில்லை.

இப்போது உங்கள் மொட்டை மாடிக்கு வருகிறேன். அங்கே படிவதில் பெரும்பங்கு புகைபோக்கியிலிருந்து வருவது அல்ல என்றே நினைக்கிறேன். பெரிய அலகுகளின் புகைபோக்கிகள் 275 மீட்டர் உயரம். அதிலிருந்து வரும் நுண்துகள் உங்கள் மாடியில் இறங்கி உட்காராது, காற்றோடு பல கிலோமீட்டர் போகும். கண்ணுக்குத் தெரிகிற, விரலில் ஒட்டுகிற தூசி தரைமட்டத்திலிருந்து கிளம்புவது: காய்ந்துபோன சாம்பல் குளம், தார்ப்பாய் சரியாக மூடாத சாம்பல் லாரி, நிலக்கரிக் கிடங்கு, கன்வேயர், அவற்றோடு சாலைப் புழுதி. எது உங்கள் மாடிக்கு வருகிறது என்று நீங்களே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். கழுவித் துடைத்த வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை இரவு மாடியில் வையுங்கள். காலையில் படிந்ததை வெள்ளைத் தாளில் தேய்த்தால் கரித்தூள் கறுப்புக் கோடு போடும், சாம்பல் வெளிர் சாம்பல் நிறமாக இழுபடும். மகனின் பள்ளியில் மைக்ராஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. 400 மடங்கு பெருக்கத்தில் பறக்கும் சாம்பல் பளபளக்கும் கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். உடைந்து ஒழுங்கற்ற முனைகளோடு இருப்பது கரியும் மண்ணும். கரு நிறத்தில் உருண்டையாக இருப்பவற்றில் சில காந்தத்தில் ஒட்டும், அவை இரும்பு மிகுந்த சாம்பல் மணிகள். தேதி போட்டுச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் இவற்றை எடுத்து வைத்தால் பின்னால் உதவும்.

இந்தப் பருமனான தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கும், வீசிங்கைக் கிளப்பும். கை வழியாகக் குழந்தையின் வாய்க்கும் போகும். ஆகவே அதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் மாடி சுத்தமாக இருக்கும் நாளில் காற்றும் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். நுரையீரலின் காற்றறைகள்வரை இறங்குவது கண்ணுக்குத் தெரியாத துகள். வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசும்போது கொற்றலையாற்றுக்கு வடக்கே இருக்கும் நிலையங்களின் புகை தெற்கே உங்கள் பக்கம் திரும்புகிறது. பனிக்காலத்து இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேலெழாமல் தேங்குவதும் சேர்ந்துகொள்கிறது. மகனுக்கு மழை விட்ட பிறகு மூச்சு முட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

நுண்துகளின் இன்னொரு பகுதி புகைபோக்கியை விட்டு வெளியேறிய பிறகு காற்றிலேயே உருவாகிறது. கரியிலுள்ள கந்தகம் கந்தக டையாக்சைடாகி, பிறகு சல்பேட் துகளாகிறது. அந்த அமிலத்தன்மை துகள்மேல் இருக்கும் உலோகங்களை இன்னும் எளிதாகக் கரையவைக்கும். ‘இந்தியக் கரியில் கந்தகம் குறைவுதானே’ என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். அரை சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 8,000 டன்னில் 40 டன் கந்தகம், எரிந்தால் 80 டன் கந்தக டையாக்சைடு. ஒரே அலகில், ஒரே நாளில். இதைப் பிடிக்கும் எஃப்.ஜி.டி. கருவி பாதரசத்தில் ஒரு பகுதியையும் செலீனியத்தையும் சேர்த்தே பிடிக்கும். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் துகள், கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் நான்குக்கும் கடுமையான வரம்பு விதித்தது. முதல் கெடு 2017. அது திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக வரம்பிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டது. டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 இறுதிவரை கெடு. இந்த விலக்கு தவறு என்று நினைக்கிறேன். ‘சயின்ஸ்’ இதழில் 2023இல் வந்த அமெரிக்க ஆய்வு, நிலக்கரி மின் நிலையங்களிலிருந்து வரும் நுண்துகள் மற்ற நுண்துகள்களைவிட இரு மடங்குக்கு மேல் மரண ஆபத்தோடு தொடர்புடையது என்று கண்டது. எடை ஒன்றாக இருந்தாலும் தூசிக்குத் தூசி கேடு வேறு.

செல்போன் எண்ணின் கணக்கைப் பாருங்கள். அதற்கு எட்டு மாசுகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதில் ஈயமும் உண்டு, ஆனால் தானியங்கி நிலையங்களில் ஈயம் உடனுக்குடன் அளக்கப்படுவதில்லை. ஆர்செனிக், நிக்கல் பட்டியலிலேயே இல்லை. ‘திருப்திகரம்’ என்றால் 24 மணி நேரச் சராசரியில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. திருப்தி என்ற சொல்லுக்குள்ளேயே நான்கு மடங்கு அடங்கியிருக்கிறது.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் காற்றுத் தர விதிகளில் ஆர்செனிக்குக்கு ஆண்டு வரம்பு உண்டு: கன மீட்டருக்கு 6 நானோகிராம். நிக்கலுக்கு 20 நானோகிராம், ஈயத்துக்கு 0.5 மைக்ரோகிராம். 60 மைக்ரோகிராம் தூசியில் 6 நானோகிராம் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆர்செனிக் இரண்டு மடங்கானாலும் ஐந்து மடங்கானாலும் தூசியின் மொத்த எடை மாறியதாகவே தெரியாது, உங்கள் செல்போனில் அதே பச்சை நிறம்தான் இருக்கும். இத்தனைக்கும் ஆர்செனிக் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். காட்மியமும் ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கல் சேர்மங்களும் அதே வகைதான். காட்மியத்துக்கும் பாதரசத்துக்கும் குரோமியத்துக்கும் அந்த 2009 பட்டியலில் வரம்பே கிடையாது.

இதை அளப்பது முடியாத காரியமும் இல்லை. ஒரு பம்பு வைத்து 24 மணி நேரம் காற்றை வடிதாள் வழியே இழுத்து, அந்தத் தாளை ஆய்வகத்தில் பகுக்க வேண்டும், அவ்வளவுதான். தூசியின் பூர்வீகம் அதில் தெரிந்துவிடும். ஆர்செனிக்கும் செலீனியமும் சேர்ந்து உயர்ந்தால் நிலக்கரி. வனேடியமும் நிக்கலும் சேர்ந்து உயர்ந்தால் கப்பலும் ஃபர்னஸ் ஆயிலும். செம்பு, ஆன்டிமனி, பேரியம் வண்டி பிரேக்கிலிருந்து. பொட்டாசியம் விறகுப் புகையிலிருந்து. உங்கள் பகுதியில் மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், துறைமுகம், கன்டெய்னர் லாரி என்று எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். தாளைப் பகுத்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

வடகத்துக்கு ஒரு வார்த்தை. சீனாவின் குய்சோ மாகாணத்து மலைக் கிராமங்களில் மிளகாயை வீட்டுக்குள் கரி அடுப்பின் மேல் காயவைப்பது வழக்கம். ஆர்செனிக் மிகுந்த அந்தக் கரிப் புகையில் காய்ந்த மிளகாயில் பத்து லட்சத்தில் 500 பங்குவரை ஆர்செனிக் இருந்தது. சாதாரண மிளகாயில் ஒரு பங்குகூட இருக்காது. அதைச் சாப்பிட்டவர்களில் சுமார் 3,000 பேருக்குத் தோல் தடித்து, கறுத்து, நோயாகிவிட்டது. எண்ணூரில் எரிவது அந்த வகைக் கரி இல்லை, திறந்த மாடியும் புகை சூழ்ந்த அறையும் ஒன்றில்லை. அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வடகம், மிளகாய், கருவாடு எதுவானாலும் மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிக் காயவையுங்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடி பொருந்தி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீனை நிறுத்தாதீர்கள். கடல் மீன் வளரும் பிள்ளைக்கு நல்லது. மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. சுறா, பெரிய சூரை போன்ற, மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டு வளரும் பெரிய மீன்களில்தான் அது சேரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றைக் குறைக்கலாம். ஆற்றுச் சரக்கு வேறு விஷயம். கொற்றலையாற்றில் சாம்பல் குழாய் உடைந்து கொட்டிய இடங்களில் அடிச்சேறே சாம்பலாகக் கிடக்கிறது. ஆளி, மட்டி போன்றவை அந்தத் தண்ணீரை வடிகட்டித்தான் உயிர் வாழ்கின்றன; உலோகத்தைத் தங்கள் உடம்பில் சேர்த்துவைக்கும். அவற்றைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். ஆற்று இறாலும் நண்டும் எப்போதாவது போதும். நண்டில் பழுப்பு நிறக் குடல்பகுதியை எடுத்துவிடுங்கள், காட்மியம் அங்கேதான் தங்கும். ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவர்கள் இதைப் படித்தால் வயிறு எரியும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பிடிக்கும் இறாலின் மேல் குற்றமில்லை, ஆற்றில் சாம்பலை விட்டவர்கள் மேல்தான் குற்றம்.

பரிசோதனை: ரத்தத்தில் ஈயம் மட்டும் ஒருமுறை பார்க்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கூடுதலாக இருந்தால் பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் தொழில் இவற்றையும் விசாரிக்க வேண்டும். மின் நிலையத்தை மட்டும் சந்தேகித்து நின்றுவிடக் கூடாது. ஆர்செனிக்குக்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான் சரி, அதுவும் சில நாள் முன்பு உடம்பில் புகுந்ததை மட்டுமே காட்டும். முக்கியமாக, அதற்கு முன் நான்கு நாள் மீன், இறால், நண்டு சாப்பிட்டிருக்கக் கூடாது. கடல் உணவில் உடலுக்குக் கேடில்லாத ஒருவகை ஆர்செனிக் இயல்பாகவே உண்டு. மொத்த ஆர்செனிக்கை மட்டும் அளந்தால் அது எகிறி நின்று உங்களைப் பதறவைக்கும். தலைமுடிப் பரிசோதனை வேண்டாம்; வெளியிலிருந்து படிந்த தூசியும் அதில் கணக்காகிவிடும். ‘உடம்பிலிருந்து நஞ்சை இழுக்கும்’ பொடி, பட்டை என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். இரும்பும் கால்சியமும் குறைவில்லாமல் சாப்பிடும் பிள்ளையின் குடல் ஈயத்தைக் குறைவாக உறிஞ்சும். கேழ்வரகு, கீரை, முட்டை, பால் போதும்.

வீட்டில் துடைப்பத்தால் உலரப் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளை கை கழுவட்டும். கொசுவர்த்திச் சுருளை இன்றே நிறுத்துங்கள்: ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். வீசிங் உள்ள பிள்ளைக்குக் கொசுவலைதான் சரி. நெபுலைசர் மூச்சு முட்டும்போது காப்பாற்றும், அவ்வளவே. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் அவனுக்குத் தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் பனிக்காலத்துக்கு முன்பே கேளுங்கள்.

மூலத்தை நிறுத்தினால் பிள்ளைகளிடம் பலன் தெரியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சீனாவின் தோங்லியாங் நகரில் ஊருக்குள் இருந்த நிலக்கரி மின் நிலையத்தை 2004 மே மாதம் மூடினார்கள். மூடும் முன் பிறந்த குழந்தைகளையும் 2005இல் பிறந்தவர்களையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிகா பெரேரா குழு ஒப்பிட்டது. பின்னால் பிறந்தவர்களின் தொப்புள்கொடி ரத்தத்தில் புகை நச்சின் தடயம் குறைந்திருந்தது. முந்தைய குழந்தைகளிடம் அந்த நச்சோடு சேர்ந்து தெரிந்த வளர்ச்சிக் குறைபாடு இவர்களிடம் தெரியவில்லை.

கடைசியாக, தெருக் கூட்டத்தில் பேசியவரிடம் இதைச் சொல்லுங்கள். அனல் மின் நிலையங்களுக்குக் கொடுக்கப்படும் சுற்றுச்சூழல் அனுமதியில், கரியிலும் பறக்கும் சாம்பலிலும் அடிச்சாம்பலிலும் பாதரசம், குரோமியம், ஆர்செனிக், ஈயம் பகுத்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அந்த ஆய்வறிக்கைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தனியாக ஒரு மனு: எண்ணூர், மணலி பகுதியில் வடிதாளில் எடுத்த ஆர்செனிக், நிக்கல், ஈய அளவுகள் மாதவாரியாக. எடுக்கவில்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே ஆதாரமாக வைத்து அடுத்த மனுவை எழுதலாம். பத்து ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். ‘காற்று மாசு விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் செல்போனில் வரும் அதே எண்தான் வரும். தனிமத்தின் பெயரையும் நானோகிராம் என்ற அளவையும் மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.